277க்கும் 280க்கும் நடுவில்: ஆயர்களுக்கு ஒரு குருவின் தங்கை எழுதும் திறந்த மடல்

மேதகு ஆயர்களுக்கு,

தோத்திரம்.

நான் இறையியல் படித்தவள் அல்ல. ஒரு மறைமாவட்டக் குருவின், அதாவது ஓர் ஆயரின் (பிஷப்பின்) கீழ் பங்குகளில் பணி செய்பவரின், தங்கை. கத்தோலிக்கக் குருக்கள் மணம் முடிக்காமல் வாழும் மணத்துறவைப் பற்றி எழுத எனக்கு இருக்கும் தகுதி அவ்வளவுதான். அண்ணன் குருப்பட்டம் வாங்கி முப்பத்தெட்டு வருடம் ஆகிறது. பட்டம் வாங்கிய அன்று, புதுக் குருவிடம் முதல் ஆசீர் வாங்க எங்கள் அம்மா முழந்தாளிட்டார். எழுந்தவர், "சாப்பிட வாங்க சாமி" என்றார். அதற்கு முந்தின நாள் வரை "வாடா, போடா"தான். அன்றோடு அது நின்றது. அப்பாவும் அப்படியே மாறிவிட்டார். நானும் நாலு பேர் முன்னால் "சாமி" என்றுதான் சொல்கிறேன். இருபத்தேழு வயதில் ஓர் ஆளை "டா" போட்டுக் கூப்பிட உலகத்தில் யாருமே இல்லாமல் போவது என்றால் என்னவென்று அன்று எனக்குத் தெரியவில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

இப்போது ஒவ்வொரு கிறிஸ்துமஸ் இரவும் ஒன்றரை, இரண்டு மணிவாக்கில் எனக்கு ஒரு போன் வரும். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து, நூற்றுக்கணக்கான பேருக்குக் கைகொடுத்து, குழந்தைகளின் நெற்றியில் சிலுவை வரைந்து, கடைசி ஆளும் வீட்டுக்குப் போனபின், கோவிலைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வரும் போன். "தூங்கிட்டியா? சும்மாதான் கூப்பிட்டேன்." பேச ஒன்றும் இருக்காது. பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பார், தூங்குகிறார்கள் என்பேன். மூன்று நிமிடம், நாலு நிமிடம். அப்புறம், "சரி, படு."

மணத்துறவை ஒழியுங்கள் என்று கேட்க நான் வரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பாதியில் மடலை மடித்து வைத்துவிடுவீர்கள். மணத்துறவில் ஓர் அழகு உண்டு என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். என் கேள்வி வேறு.

1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 277ஆம் எண்ணைப் பாருங்கள். குருக்கள் விண்ணரசின் பொருட்டு முழுமையான, நிரந்தரமான புலனடக்கத்துக்குக் கடமைப்பட்டவர்கள், ஆகவே மணத்துறவுக்குக் கட்டுப்பட்டவர்கள், அந்த மணத்துறவு கடவுளின் தனிக்கொடை என்று அது சொல்கிறது. கடமை, கட்டுப்பாடு, கொடை மூன்றும் ஒரே மூச்சில். சரி, கொடையை எப்படிக் கடமையாக்குவது என்ற சண்டையை அப்புறம் வைத்துக்கொள்வோம். மூன்று எண் தள்ளி 280க்கு வாருங்கள். குருக்கள் ஏதாவது ஒரு வகையில் கூட்டாக வாழ்வது மிகவும் பரிந்துரைக்கப்படுகிறது என்று இருக்கிறது. பரிந்துரைதான். மணம் முடிக்காமல் இருப்பது கட்டாயம்; இன்னொரு மனிதரோடு உட்கார்ந்து இரவுச் சாப்பாடு சாப்பிடுவது மட்டும் வசதிப்பட்டால். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் என் அண்ணன் முப்பத்தெட்டு வருடமாகக் குடியிருக்கிறார்.

இங்கே எப்படி வந்து சேர்ந்தோம் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தது அவரால்தான். குருக்களைப் பயிற்றும் குருமடத்தில் இதைப் பற்றி என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று ஒருநாள் கேட்டேன். சிரித்தார். "மூணு வருஷம் மெய்யியல், நாலு வருஷம் இறையியல். இதோட வரலாற்றுக்கு ஒரே ஒரு வகுப்பு. அதுலயும் பாதியில மணி அடிச்சிட்டுது." அந்த அரை வகுப்பில் அவர் எழுதிய குறிப்பு நோட்டு இன்னும் இருக்கிறது. முதல் வரி: இயேசுவும் திருத்தூதர்களும் தொடங்கி வைத்தது. அடிக்கோடு போட்டிருக்கிறார்.

அந்த முதல் வரியே பாதிதான் சரி. இயேசுவுக்கு மனைவி இருந்ததாக எந்த நற்செய்தியும் சொல்லவில்லை, உண்மை. விண்ணரசுக்காக மணம் முடிக்காதவர்களைப் பற்றி மத்தேயு 19இல் பேசுகிறார். ஏற்றுக்கொள்ள முடிந்தவர் ஏற்றுக்கொள்ளட்டும் என்று அங்கேயே முடித்துவிடுகிறார். ஆனால் திருத்தூதர்கள்? மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்திலேயே பேதுருவின் மாமியார் காய்ச்சலில் படுத்திருக்கிறார். மாமியார் இருந்தால் மனைவி இருந்திருக்க வேண்டும். இதற்கு இறையியல் பட்டம் வேண்டாம். கேபாவும் (பேதுருதான்) மற்றத் திருத்தூதர்களும் மனைவியை அழைத்துக்கொண்டு பயணம் போகிறார்களே, எனக்கு அந்த உரிமை இல்லையா என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார். அதே கடிதத்தில், மணமாகாதவர்களைப் பற்றி ஆண்டவரிடமிருந்து எனக்குக் கட்டளை எதுவும் இல்லை, என் கருத்தைச் சொல்கிறேன் என்று எவ்வளவு கவனமாகப் பிரித்துச் சொல்கிறார்! திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகம் ஆயர் ஒரே மனைவியை உடையவராகவும் வீட்டை நன்றாக நடத்துபவராகவும் இருக்கட்டும் என்கிறது. தன் வீட்டை நடத்தத் தெரியாதவர் கடவுளின் சபையை எப்படிக் கவனிப்பார் என்று ஒரு கேள்வியும் அதில் உண்டு. இந்தப் பகுதியை மறையுரையில் விளக்கி யாரும் பேசி நான் கேட்டதே இல்லை.

முதல் முந்நூறு ஆண்டுகளில் மணமான குருக்களும் ஆயர்களும் சாதாரணம். அதற்குப் பின்னும் அது சட்டென்று நிற்கவில்லை. அயர்லாந்தின் புனித பேட்ரிக், தன் அப்பா திருத்தொண்டர் (குருவுக்கு முந்தின பட்டம்), தாத்தா குரு என்று தானே எழுதி வைத்திருக்கிறார். நாசியான்சு நகரின் கிரகோரி, மறைவல்லுநர் என்று நீங்கள் கொண்டாடுகிறவர், ஓர் ஆயரின் மகன். திருத்தந்தை ஹோர்மிஸ்தாஸின் மகன் சில்வேரியுஸும் பின்னால் திருத்தந்தை ஆனார்.

அப்புறம் இரண்டு ஆறுகள் வந்து கலந்தன. ஒன்று எகிப்தின் பாலைவனத்திலிருந்து வந்தது. உரோமைப் பேரரசு கிறிஸ்தவர்களைக் கொல்வதை நிறுத்தியபின், உயிரைக் கொடுக்க வழியில்லாதவர்கள் உலகத்தை விட்டுவிட்டுப் போனார்கள். வனத்து அந்தோனியார் அதற்கும் முன்பே போனவர். அவரைத் தேடி ஆயிரக்கணக்கானோர் போனார்கள். அது தானாகத் தேர்ந்துகொண்ட வாழ்க்கை.

இன்னோர் ஆறு பீடத்திலிருந்து வந்தது. பழைய எருசலேம் கோவிலில் குருக்கள் தங்கள் முறை வரும் நாட்களில் மட்டும் மனைவியைப் பிரிந்திருப்பார்கள். திருமுழுக்கு யோவானின் அப்பா சக்கரியா அப்படி முறைவைத்துப் பணி செய்தவர்தான். முறை முடிந்ததும் வீட்டுக்குப் போனார், யோவான் பிறந்தார். மேற்கில் நாள்தோறும் திருப்பலி என்ற பழக்கம் வந்ததும் கணக்கு மாறியது. நாளும் பீடம் என்றால் நாளும் பிரிவு. ஏறக்குறைய 305இல் ஸ்பெயினில் கூடிய எல்விரா சங்கம் (ஆயர்கள் கூடி முடிவெடுக்கும் பேரவை), ஆயர்களும் குருக்களும் திருத்தொண்டர்களும் மனைவியரோடு கூடக் கூடாது, பிள்ளை பெறக் கூடாது, மீறினால் பதவி போய்விடும் என்றது. 385இல் திருத்தந்தை சிரீசியுஸ், தர்ரகோனா ஆயர் ஹிமேரியுஸுக்கு எழுதிய கடிதத்தில் இதே காரணத்தை விரிவாகச் சொல்கிறார்.

நான் படித்ததிலேயே என்னை நிறுத்தி வைத்த இடம் இது. ஏனென்றால் அந்தச் சட்டம் "மணம் முடிக்காதே" என்று சொல்லவில்லை. "மனைவி இருக்கட்டும், அவளைத் தொடாதே" என்றது. முதல் ஆயிரம் ஆண்டு மேற்கில் நடந்தது பெரும்பாலும் இதுதான். ஒரே கூரை, ஒரே அடுப்பு, ஊருக்கு அவள் மனைவி. விதியைக் காக்கிறார்கள் என்று யாரும் நம்பாததால் கண்காணிப்பு வேண்டியிருந்தது. 567இல் தூர் நகரத்தில் கூடிய சங்கம், கிராமத்துத் தலைமைக் குரு எங்கே படுத்தாலும் அதே அறையில் சாட்சிக்கு ஓர் உதவியாளரும் படுக்க வேண்டும் என்று விதித்தது. அந்த உதவியாளர்களுக்கு வாரமுறை வேறு போட்டார்கள். குருவின் கஷ்டம் ஏடுகளில் இருக்கிறது, உதவியாளரின் சங்கடத்தையும் ஊகிக்கலாம். அடுத்த அறையில் படுத்திருந்த அந்தப் பெண்ணின் மனதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

325இல் நிசேயா சங்கத்தில் இந்த விதியை எல்லாருக்கும் ஆக்கப் பார்த்தபோது, பாஃப்னூசியுஸ் என்ற எகிப்திய ஆயர், அவரே மணமாகாதவர், எழுந்து தடுத்தார் என்று ஒரு கதை உண்டு. என்னைப் போல் கேள்வி கேட்கிறவர்கள் அதை அடிக்கடி எடுத்துவிடுவார்கள். அதை எழுதியவர் நூறு வருடத்துக்குப் பின் எழுதினார், அறிஞர்களிடையேயும் அதில் ஒத்த கருத்து இல்லை. ஆகவே அதை நான் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. நீங்களும் அந்த அடிக்கோடு போட்ட முதல் வரியைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள், கணக்கு சரியாகிவிடும்.

பதினோராம் நூற்றாண்டுக்கு வந்தால் பேச்சில் நிலமும் சொத்தும் புகுந்துவிடுகின்றன. மணமான குருவுக்குப் பிள்ளை உண்டு. பிள்ளைக்குப் பங்கு வேண்டும். கோவில் நிலம் கைமாறும், பதவியே அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும். இது வெறும் கற்பனைப் பயம் அல்ல, நிஜமாகவே நடந்தது. சீர்திருத்தக்காரர்களுக்கு நியாயமான காரணம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் பிடித்த வழியைப் பாருங்கள். 1022இல் பாவியா சங்கத்தில் திருத்தந்தை எட்டாம் பெனடிக்ட் முன்னிலையில், திருச்சபையின் அடிமைக் குடும்பங்களிலிருந்து வந்த குருக்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள், தாய் சுதந்திரமான பெண்ணாகவே இருந்தாலும், திருச்சபைக்கு அடிமைகள் என்று தீர்மானித்தார்கள். 1089இல் மெல்ஃபி சங்கம், எச்சரித்தும் மனைவியை விடாத துணைத் திருத்தொண்டரின் மனைவியை அரசர்கள் அடிமையாக்கிக்கொள்ளலாம் என்றது. தவறு அவருடையது, தண்டனை அவளுக்கு. குருக்களும் சும்மா இருக்கவில்லை. 1070களில் ரூவான் பேராயர் இந்த ஆணையை வாசித்தபோது சொந்தக் குருக்களே கல்லெறிந்தார்கள். அவர் கோவிலை விட்டு ஓடித் தப்பினார்.

1139இல் இரண்டாம் லாத்தரன் சங்கம் கதவைச் சாத்தியது. அதற்கு முன் குரு மணம் முடித்தால் குற்றம், ஆனாலும் மணம் மணம்தான். 1139க்குப் பின் அந்த மணமே செல்லாது. நேற்று வரை மனைவியாக இருந்தவள் சட்டப்படி வைப்பாட்டி.

இதற்கு வெகு முன்பே கிழக்கே என்ன நடந்தது என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். 691-692இல் கான்ஸ்தாந்திநோபிளில் கூடிய ட்ருல்லோ சங்கம், பட்டத்துக்கு முன் மணமானவர்கள் குருக்களாகவும் திருத்தொண்டர்களாகவும் மனைவியோடு வாழலாம், ஆயர்கள் மட்டும் மணத்துறவிகளாக இருக்கட்டும் என்றது. உரோமையின் வழக்கம் வேறு என்பதைத் தெரிந்தே, பெயர் சொல்லியே, மறுத்தது. இன்றும் ஆர்த்தடாக்ஸ் சபைகளில் இதுதான் நடைமுறை. திருத்தந்தையோடு ஒன்றித்திருக்கும் உக்ரைன் கிரேக்கக் கத்தோலிக்கர்களிடமும் லெபனானின் மரோனைட்டுகளிடமும் மணமான குருக்கள் உண்டு. 1990இல் வந்த கீழைத் திருச்சபைகளின் சட்டத் தொகுப்பு, மணத்துறவுக் குருக்களையும் மணமான குருக்களையும் மதிக்கச் சொல்கிறது. திருத்தந்தை அவரே, நற்கருணை அதுவே.

அந்த மணமான குருக்கள் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தபோது இலத்தீன் (உரோமை வழிபாட்டு முறை) ஆயர்களுக்குத் தாங்கவில்லை. 1929இல் உரோமை ஆணை ஒன்று, அமெரிக்காவில் கீழைச் சபையின் மணமான குருக்கள் பணி செய்யக் கூடாது என்று உறுதிப்படுத்தியது. விளைவு? பங்குகள் பங்குகளாக மக்கள் வெளியேறினார்கள். 1938இல் தனியாக ஓர் ஆர்த்தடாக்ஸ் மறைமாவட்டமே உருவானது. 2014இல் திருத்தந்தை பிரான்சிஸ் அந்தத் தடையை நீக்கினார். எண்பத்தைந்து வருடம். போனவர்களின் பேரப்பிள்ளைகளுக்கே வயதாகிவிட்டது.

ஆயருக்கு இப்படி மடல் எழுதுவது புதிதல்ல, மன்னிக்கவும். 1522 ஜூலையில் சூரிச் நகரத்துக் குரு சுவிங்லியும் இன்னும் பத்துக் குருக்களும் கான்ஸ்டன்ஸ் ஆயருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார்கள்: எங்களை மணம் முடிக்க அனுமதியுங்கள், இல்லையென்றால் கண்டும் காணாமலாவது இருங்கள். சுவிங்லி அதற்கு முன்பே ரகசியமாக மணம் முடித்திருந்தார் என்பது தனிக்கதை. அன்று ஐரோப்பாவில் பல ஆயரகங்கள் வேறு மாதிரி கண்டும் காணாமல் இருந்தன. பெண்ணோடு குடும்பம் நடத்தும் குருவிடம் அபராதம் வாங்கிக்கொண்டு விட்டுவிடும்; பிள்ளை பிறந்தால் அதற்குத் தனி வசூல். சட்டம் சட்டமாக இருந்தது, வருமானம் வருமானமாக இருந்தது. விண்ணப்பத்தை ஆயர் ஏற்கவில்லை. மூன்று வருடம் கழித்து மார்ட்டின் லூத்தர் மணம் முடித்தார். அதன் பிறகு யார் கத்தோலிக்கர், யார் புராட்டஸ்டண்ட் என்று காட்டும் அடையாளமாகவே மணத்துறவு ஆகிவிட்டது. அடையாளமாகிவிட்ட எதையும் நிதானமாக யோசிக்க முடிவதில்லை. 1563இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரிதெந்து சங்கம், மணத்துறவைவிட மணவாழ்வே மேல் என்பவர்களைச் சபித்தது. அதே ஆண்டு அந்தச் சங்கம் செய்த இன்னொரு காரியம் சத்தமில்லாமல் பெரியது: மறைமாவட்டம்தோறும் குருமடம். அதற்குப்பின் பையன்களைச் சின்ன வயதிலேயே எடுத்து வளர்க்க முடிந்தது. எழுதிவைத்த விதி நடைமுறையானது உண்மையில் அப்போதுதான்.

நம் காலத்துக்கு வருகிறேன். 1965 அக்டோபரில் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் இதைப் பேச ஆயர்கள் சிலர் தயாரானபோது, பொது அவையில் விவாதிப்பது உசிதமல்ல என்று திருத்தந்தை ஆறாம் பவுல் எழுதியனுப்பினார். பேச்சு நின்றது. இருந்தாலும் அதே டிசம்பரில் வெளியான குருக்கள் பற்றிய சங்க ஏடு, மணத்துறவு குருத்துவத்தின் இயல்பிலேயே கேட்கப்படுவது அல்ல என்று ஒப்புக்கொள்கிறது. தொடக்கத் திருச்சபையையும் கீழைச் சபைகளையும் சாட்சிக்கு வைக்கிறது. 1967இல் மணத்துறவு பற்றித் திருத்தந்தையின் சுற்றுமடல் வந்தது. சட்டம் அப்படியே நின்றது. மறுபுறம், திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) காலத்திலிருந்தே, சபை மாறி வந்த மணமான லூத்தரன் போதகர்கள் சிலருக்குக் குருப்பட்டம் கொடுத்திருக்கிறீர்கள். 2009இல் ஆங்கிலிக்கன் குருக்களுக்காகத் தனி அமைப்பே ஏற்படுத்தி, மணமானவர்களையும் ஒவ்வொருவராக ஆராய்ந்து ஏற்றுக்கொள்கிறீர்கள். நல்லதுதான். ஆனால் வெளியிலிருந்து வந்தால் மனைவி தடையில்லை, உள்ளேயே பிறந்து வளர்ந்தால் தடை என்றால், நம் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வீர்கள்? 2019இல் அமேசான் பகுதிக்கான ஆயர் மாமன்றத்தில், மணமான மூத்த திருத்தொண்டர்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கலாம் என்று 128 பேர் ஆதரவாகவும் 41 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். அங்கே சில ஊர்களில் திருப்பலிக்கு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். 2020 பிப்ரவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட ஏட்டில் இதைப் பற்றி ஒன்றுமே இல்லை.

சிறார்மீதான பாலியல் குற்றங்களைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. ஆனால் அதைக் காட்டி வேகமாக ஒரு முடிவுக்குத் தாவவும் எனக்கு மனமில்லை. வீடுகளுக்குள் நடக்கும் கொடுமைகளில் பெரும்பாலும் மணமான ஆண்களே குற்றவாளிகள். 2017இல் ஆஸ்திரேலியாவின் அரச விசாரணை ஆணையம் நிதானமாகவே சொன்னது: மணத்துறவு நேரடிக் காரணம் அல்ல, ஆனால் கட்டாய மணத்துறவு, மற்றக் காரணங்களோடு சேரும்போது, ஆபத்தைக் கூட்டியிருக்கிறது. மறைமாவட்டக் குருக்களுக்கு அதை விருப்பத்துக்கு விடலாமா என்று உரோமையிடம் கேளுங்கள் என்று ஆயர்களுக்குப் பரிந்துரைத்தது. பிள்ளை பெற்ற குருக்கள் பற்றி ஓர் உள் வழிகாட்டுதல் இருப்பதை 2019இல் வத்திக்கானே உறுதிப்படுத்தியது. பிள்ளையின் நலன்தான் முதலாவது என்கிறதாம். நல்ல விதி. அதை ஏன் அத்தனை காலம் உள்ளேயே வைத்திருந்தார்கள்? அந்தப் பிள்ளைகளும் அவர்களின் தாய்மார்களும் படிக்கும்படி அவர்கள் கையில் கொடுங்கள்.

இனி அண்ணன் பக்கம். என்னோடு அவர் முழுதாக ஒத்துப்போவதில்லை என்பதை மறைக்கக் கூடாது. நாளைக்கே அனுமதி வந்தாலும் எனக்கு வேண்டாம் என்கிறார். நடு இரவில் சாகக் கிடக்கிறவரிடமிருந்து ஆள் வந்தால், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போகும் சுதந்திரத்தை அவர் விலை மதிப்பில்லாததாக நினைக்கிறார். ஊரில் சண்டை என்றால் எந்தப் பக்கமும் சம்பந்தி இல்லாத ஒரே ஆள் அவர்தான். இதெல்லாம் பொய்யில்லை, கண்ணால் பார்த்திருக்கிறேன். மணமான போதகர்கள் உள்ள சபைகளில், சம்பளமில்லாத இரண்டாவது போதகராகவே மனைவி தேய்ந்துபோவதையும், போதகரின் பிள்ளை என்பதற்காகவே பிள்ளைகளை ஊர் எடைபோடுவதையும் பார்த்தவர்கள் சொல்வார்கள். ஆர்த்தடாக்ஸ் குரு மணம் முடிப்பதானால் பட்டத்துக்கு முன்பே முடித்தாக வேண்டும். மனைவி இறந்தால் பொதுவாக மறுமணம் கிடையாது. சிரமமில்லாத ஏற்பாடு என்று எதுவும் இல்லை.

"அப்படியானால் எதற்கு உன் மடல்?" என்று அண்ணனும் கேட்டார். நான் திருப்பிக் கேட்டேன்: "உங்களுக்கு மணத்துறவு வேணுமான்னு எப்பவாவது யாராவது தனியா கேட்டாங்களா? குருவாக வேணுமான்னு இல்ல. இது வேணுமான்னு." கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சேர்த்துத்தான் கேட்டாங்க" என்றார்.

ஆயர்களே, திருத்தொண்டர் பட்டத்தின்போது அந்தக் கேள்வியைக் கேட்பது நீங்கள். முன்னால் நிற்கும் இளைஞர் ஒரு வார்த்தையில் பதில் சொல்கிறார். பத்து வருடம் குருமடத்தில் இருந்தாகிவிட்டது, அழைப்பிதழ் அச்சாகிவிட்டது, முதல் வரிசையில் அம்மா உட்கார்ந்திருக்கிறார். அந்த இடத்தில் இல்லை என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்? துறவற சபைகளில் சேர்கிறவர் ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் மூன்றையும் தேடியே வருகிறார். அவரோடு உண்ண, செபிக்க, சண்டை போட, முதுமையில் பார்த்துக்கொள்ள ஒரு வீடே இருக்கிறது. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய ஒழுங்கு நூலில் யார் எந்த வாரம் சமைப்பது என்பதற்குக்கூட விதி உண்டு. புத்த பிக்குகளின் விதிகளிலும் பிரமச்சரியத்தை மீறுவதுதான் முதல் பெருங்குற்றம்; மீறினவருக்குப் பிக்குகளின் சங்கத்தில் இடமில்லை. ஆனால் மாதத்துக்கு இருமுறை எல்லாரும் கூடி அந்த விதிகளை ஓதுகிறார்கள், மனம் மாறினால் சொல்லிவிட்டு வீடு திரும்பவும் வழி உண்டு. மறைமாவட்டக் குருவுக்கு மட்டும் பாலைவனத்து விதியைக் கொடுத்துவிட்டு, பாலைவனத்தில் கூட இருந்த சகோதரர்களைக் கொடுக்காமல் விட்டுவிட்டீர்கள்.

வெளியேறுகிறவர்களை நடத்தும் விதமும் அப்படித்தான். மணத்துறவிலிருந்து விலக்கு திருத்தந்தை ஒருவரால்தான் கிடைக்கும். கிடைத்தாலும், பழைய நிலை தெரிந்த இடங்களில் வசிக்காதே, திருமணத்தை ஆரவாரமில்லாமல் நடத்து என்று நிபந்தனைகள் அதோடு வருவது வழக்கம். இருபது வருடம் ஊருக்குத் திருமணம் செய்து வைத்தவர் தன் திருமணத்துக்கு யாரையும் கூப்பிட முடியாது.

ஆகவே என் கோரிக்கை இதுதான். சட்டத்தை மாற்றும் அதிகாரம் உங்களில் யாருக்கும் தனியாக இல்லை, தெரியும். கேட்கும் அதிகாரம் இருக்கிறது. அமேசான் ஆயர்கள் கேட்டார்கள். நீங்களும் கேளுங்கள், மறைமாவட்டக் குருக்களுக்கு மணத்துறவைத் தனிக் கேள்வியாக்குங்கள் என்று. அது வரும்வரை, வராமலே போனாலும், உங்கள் கையில் இருப்பதைச் செய்யுங்கள். 280ஐ உங்கள் மறைமாவட்டத்தில் நீங்களே நடைமுறையாக்கலாம்; அதற்கு உரோமையின் அனுமதி வேண்டாம். மூன்று பங்குகளுக்கு மூன்று குருக்கள் மூன்று வீடுகளில் இருப்பதற்குப் பதில் ஒரே வீட்டில் இருந்து மூன்று இடத்துக்கும் போகட்டும். ஒரே அறையில் இரண்டு பேர் பத்து நாள் சேர்ந்திருக்க மாட்டார்கள் என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. மணமானவர்களும் அப்படித்தான் ஆரம்பிக்கிறோம். குருமடத்தில் அந்த அரை வகுப்பை முழு வகுப்பாக்குங்கள். எல்விராவையும் தூரையும் மெல்ஃபியையும் ட்ருல்லோவையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள். இருபது வயதில் முழுக் கதையும் தெரிந்து ஒருவர் சரி என்று சொன்னால், அந்தச் சரிக்கு ஐம்பது வயதிலும் பலம் இருக்கும். வெளியேறியவர்களை ஊர்த் திருவிழாவுக்காவது கூப்பிடுங்கள்.

இந்த மடலை அனுப்பும் முன் அண்ணனிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பென்சிலோடு உட்கார்ந்தார். என்னவோ திட்டப் போகிறார் என்று நினைத்தேன். இரண்டு எழுத்துப்பிழை திருத்தினார். கிறிஸ்துமஸ் போன் வரும் இடத்தில் கொஞ்சம் நின்றார், ஒன்றும் எழுதவில்லை. அப்புறம் ஓரத்தில் ஒரு குறிப்பு: "கங்கிரா சங்கத்தை விட்டுட்டியே. நாலாம் நூற்றாண்டு. மணமான குரு நிறைவேற்றும் திருப்பலியில் நற்கருணை வாங்க மாட்டேன் என்கிறவன் சபிக்கப்பட்டவன்னு சொன்னாங்க. எழுநூறு வருஷம் கழிச்சு, 1059ல, உரோமையில கூடின சங்கம் நேர் தலைகீழா, பெண்ணை வச்சிருக்கிற குருவோட பூசைக்குப் போகாதேன்னு மக்களுக்குச் சொல்லுச்சு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போடு."

போட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு குருவின் தங்கை